பழைய ஆட்டோ சேஞ்சர்: வேகம் குறைவு, இடது பக்கம் சத்தம் இல்லை, கை பாதியில் நிற்கிறது

கேள்வி

வணக்கம் நண்பர்களே. பெரியப்பா வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய ரெக்கார்டு பிளேயர் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கிடந்தது. போன மாதம் இறக்கித் துடைத்து மேசையில் வைத்தேன். 1970களின் தொடக்கத்தில் வந்த மாதிரி, நடுக்கம்பியில் ஐந்தாறு தட்டுகளை அடுக்கினால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக விழுந்து பாடுமே, அந்த ஆட்டோ சேஞ்சர் வகை. உள்ளே ஆம்ப்ளிஃபயர் கிடையாது. தனி ஆம்ப்ளிஃபயரில் போனோ என்று எழுதியிருக்கும் இடத்தில் செருகியிருக்கிறேன். ஊசி புதிதாக வாங்கிப் போட்டேன். மின்சாரம் அதனுடனேயே வந்த கனமான டிரான்ஸ்பார்மர் பெட்டி வழியாகத்தான் போகிறது.

இப்போது பிரச்சினைகள். ஸ்விட்சைத் தள்ளினால் பிளாட்டர், அதாவது தட்டை வைக்கும் வட்டமான மேடை, சுற்றத் தொடங்கவே அரை நிமிடம் ஆகிறது, சுற்றினாலும் பாட்டு இழுத்து இழுத்து வருகிறது, பாடகியின் குரல் ஆண் குரல் மாதிரி கனமாகக் கேட்கிறது. தானாக எழுந்து போக வேண்டிய, ஊசி மாட்டிய கை பாதி வழியில் அப்படியே நின்றுவிடுகிறது, கையால் தள்ளினால் ஏதோ தடுக்கிறது. இடது ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் மெல்லிய ஹம் வேறு.

இதுவரை நான் செய்தது: துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே எண்ணெயை அடிப்பக்கம் தெரிந்த இடமெல்லாம் அடித்தேன். அரை மணி நேரம் நன்றாக ஓடியது, மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. பெல்ட் தளர்ந்திருக்கும் என்று நினைத்து ஒரு பெல்ட் வாங்கினேன், பிளாட்டரைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட் போடும் இடமே இல்லை, ரப்பர் விளிம்பு வைத்த ஒரு சின்னச் சக்கரம்தான் இருக்கிறது. அடுத்து மோட்டாரை மாற்றலாமா என்று யோசிக்கிறேன். பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய தட்டுகள் அறுபது எழுபது இருக்கின்றன, அவற்றை இதிலேயே அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பதில் 1

மோட்டாரை மாற்ற வேண்டாம். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், அந்தக் கையைத் தள்ளுவதையும் நிறுத்துங்கள். உள்ளே துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் இருக்கும், தடுக்கும்போது தள்ளினால் உடையும், உடைந்தால் அதே மாதிரி இன்னொரு இயந்திரத்தைத் தேடிப் பிரித்துத்தான் பாகம் எடுக்க முடியும்.

நீங்கள் சொல்லும் சின்னச் சக்கரத்துக்குப் பெயர் ஐட்லர். மோட்டார் தண்டின் தலையில் படிப்படியாகத் தடித்த ஒரு புல்லி இருக்கும். ஐட்லர் அந்தப் புல்லிக்கும் பிளாட்டரின் உள்விளிம்புக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு சுற்றும். வேகத்தை மாற்றும்போது ஐட்லர் மேலும் கீழும் நகர்ந்து புல்லியின் வேறு படியில் உட்காரும், தடித்த படி என்றால் அதிக வேகம். கேரார்ட் 301, 401 என்ற பழைய பிளேயர்கள் எல்லாம் இந்த முறைதான், இன்றைக்கும் அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் ரப்பரும் கிரீஸும் சரியாக இருந்தால்தான் நன்றாக ஓடும்.

ஐம்பது வருடத்துக் கிரீஸ் கிரீஸாக இருக்காது, காய்ந்த பசையாகியிருக்கும். உங்கள் மூன்று பிரச்சினைகளில் வேகத்துக்கும் கைக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். நீங்கள் அடித்த ஸ்பிரே அந்தப் பசையைக் கொஞ்சம் இளக்கியது, அதனால் அரை மணி நேரம் ஓடியது, அதில் இருக்கும் கரைப்பான் ஆவியானதும் பசை மறுபடி இறுகிவிட்டது. அதோடு அந்த எண்ணெய் ஐட்லர் ரப்பரிலும் பட்டிருக்கும், அப்புறம் சக்கரம் வழுக்கும். எனவே அடித்ததையும் சேர்த்துத் துடைத்தெடுக்க வேண்டும்.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன். முதலில் கையை அதன் தாங்கியில் பூட்டி, ஊசிக்கு மூடி போட்டு, எதிர் எடையைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு படம், கழற்றிய பின்னால் ஒரு படம். பிளாட்டரின் நடுவில் ஒரு கிளிப் இருக்கும், சின்ன ஐட்லரிலும் ஒன்று இருக்கும். இந்தக் கிளிப்புகள் கழறும்போது தெறித்து ஓடும், பிறகு கண்ணிலேயே படாது. நான் எப்போதும் ஒரு பெரிய கண்ணாடித்தாள் பையைக் கவிழ்த்துப் போட்டு, கைகளைப் பைக்குள் விட்டுத்தான் எடுப்பேன். பிளாட்டருக்கு அடியில் மெல்லிய வாஷர்களும் குண்டு வளையமும் இருந்தால் எது மேலே எது கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள், வரிசை மாறினால் பிளாட்டர் உரசும்.

பிறகு பழைய கிரீஸ் முழுவதையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் எடுங்கள், இடுக்குகளுக்குப் பல் துலக்கும் பிரஷ், பல் குத்தும் குச்சி. இது அவசரப்படுகிற வேலை இல்லை, எனக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மாலை ஆகும். பசை பிடித்த நெம்புகோல்களை வலிந்து அசைக்காமல் ஆல்கஹாலை விட்டு ஊறவைத்து மெதுவாக ஆட்டினால் தானாக விடும். ஐட்லர் ரப்பரை ஆல்கஹாலால் துடையுங்கள், பஞ்சில் கறுப்பு வருவது குறையும் வரை. மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே லேசாகத் தொட்டால் போதும், அழுத்தித் தேய்த்து வட்டத்தைக் கெடுத்துவிடாதீர்கள். சக்கரத்தில் ஓர் இடம் தட்டையாக அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாடும் நிலையிலேயே விட்டு மின்சாரத்தை மட்டும் நிறுத்தி வைத்திருந்தால் அப்படி ஆகும், ஆனால் உங்களுக்குத் தாளம் போட்ட மாதிரி டொக் டொக் என்று கேட்பதாக நீங்கள் எழுதவில்லை, அதனால் தப்பித்திருக்கலாம்.

மோட்டார் தண்டின் இரண்டு முனையிலும் நுண்துளையுள்ள வெண்கல பேரிங் இருக்கும், அது எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்கு எஸ்ஏஇ 20 எண்ணெய், டிடர்ஜென்ட் சேர்க்காதது, இரண்டு மூன்று சொட்டு. வண்டி எஞ்சின் எண்ணெய் வேண்டாம். ஐட்லரின் அச்சுக்கு ஒரே ஒரு சொட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். முடித்த பிறகு மோட்டாரை ஐட்லர் தொடாமல் ஓட்டி நிறுத்திப் பாருங்கள், உடனே சக்கென்று நிற்காமல் சில வினாடிகளாவது தானாகச் சுற்றி அடங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில், அணைக்கும்போது வரும் டப் சத்தத்தை அடக்க ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். அந்தக் காலத்துக் காகித வகை என்றால் உறை வெடித்து ஈரம் ஏறியிருக்கும், ஒரு நாள் புகைந்துவிடும். அதே அளவில் எக்ஸ்2 என்று குறியிட்ட புதியதைப் போடுங்கள், சாதாரணக் கெப்பாசிட்டர் அங்கே கூடாது. மின் வேலையில் கைப்பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பதில் 2

மேலே சொன்னதில் ஒரு வரி கூட மாற்ற வேண்டியதில்லை. நான் இடது பக்கத்துக்கு மட்டும் சொல்கிறேன்.

இடது ஸ்பீக்கரில் சத்தம் இல்லை என்றீர்கள். ஒலியைக் கூட்டினால் இடது பக்கம் ஹம் அதிகமாகிறதா, அல்லது சுத்த மௌனமா? இதைக் காது வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள். ஒயர் எங்காவது அறுந்திருந்தால் அந்தப் பக்கம் ஹம் அதிகமாகும், ஒயர் எங்காவது ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் செத்த மாதிரி அமைதியாக இருக்கும். இரண்டும் வேறு வேறு பழுது.

அதற்கு முன் ஆம்ப்ளிஃபயரில் இடது வலது பின்னை மாற்றிச் செருகிப் பாருங்கள். பழுது வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் ஆம்ப்ளிஃபயரில் குறை இல்லை, பிளேயரில்தான். செருகும்போதும் பிடுங்கும்போதும் ஒலியைப் பூஜ்யத்தில் வையுங்கள். கையின் முனையில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் பின்பக்க நான்கு ஒயர்களில் வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. அவற்றைத் தொடுகிறபோது சின்ன இடுக்கியால் பிடியுங்கள், ஒயர் முடி மாதிரி இருக்கும், இழுத்தால் அறுந்துவிடும்.

பொதுவான ஹம்முக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் பிளேயரிலிருந்து வரும், அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் உள்ள எர்த் திருகில் மாட்டியிருக்கிறீர்களா?

கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நான்கு மாலை வேலை பார்த்தேன். பதில் 1-இல் சொன்னபடியே பையைக் கவிழ்த்துத்தான் கிளிப்பை எடுத்தேன், உண்மையாகவே தெறித்தது, பைக்குள்ளேயே விழுந்தது. பழைய கிரீஸ் தேன் மெழுகு மாதிரி இறுகியிருந்தது, ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றிச் சுரண்டியே எடுக்க வேண்டியிருந்தது. கெப்பாசிட்டரின் உறையில் நீளமாக வெடிப்பு. மின்வேலை தெரிந்த நண்பர் வந்து புதியதைப் போட்டுக் கொடுத்தார். எர்த் ஒயர் பின்பக்கம் சுருட்டிக் கிடந்தது, மாட்டினேன், ஹம் முழுவதும் போய்விட்டது.

இப்போது பிளாட்டர் தள்ளியவுடன் சுற்றுகிறது, மோட்டார் அணைத்த பிறகும் ஏழெட்டு வினாடி ஓடுகிறது. கை தொடக்கத்தில் சரியாக எழுந்து தட்டின் விளிம்பில் இறங்குகிறது. முதல் முறை அது தானாக இறங்கியபோது அப்பாவைக் கூப்பிட்டேன், பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் மூன்று குறை மிச்சம். தட்டு முடிந்ததும் கை எழுவதில்லை, கடைசிக் கோட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. புதுக் கிரீஸ் எல்லா இடத்திலும் போட்டும் இப்படி. இடது பக்கம் சுத்த மௌனம்தான், ஹம் இல்லை, பின்னை மாற்றினால் பழுது வலதுக்குத் தாவுகிறது. மூன்றாவது, குரல் இன்னமும் கனமாகவே இருக்கிறது. இழுப்பு போய்விட்டது, சீராக ஓடுகிறது, ஆனால் மெதுவாக ஓடுகிறது. என் தங்கை பாட்டு கற்றவள். ஒரு தட்டில் இருக்கும் பாட்டின் இன்னொரு பதிவை வைத்து ஒப்பிட்டுவிட்டு, அதில் சுருதி 5 கட்டை, இதில் 3 கட்டைக்கும் கொஞ்சம் கீழே என்கிறாள். ஐட்லர் ரப்பர் இன்னும் வழுக்குகிறதா?

பதில் 2

மௌனம் என்றால் மியூட்டிங் ஸ்விட்ச். ஆட்டோ சேஞ்சரில் கை நகரும்போது ஸ்பீக்கரில் கரகர என்று வரக் கூடாது என்பதற்காக, அந்த நேரம் மட்டும் இரண்டு பக்கத்து ஒயரையும் எர்த்தோடு ஒட்டிவிடும் ஒரு சின்ன ஸ்விட்ச் உள்ளே இருக்கும், மெல்லிய பித்தளைத் தகடுகளாக. கை இறங்கியதும் தகடுகள் பிரிய வேண்டும். உங்களுடையதில் இடது பக்கத் தகடு பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்று நினைக்கிறேன். அடிப்பக்கத்தில் கார்ட்ரிட்ஜ் ஒயர்கள் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். தகடுகளுக்கு நடுவே ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத்தை விட்டு இழுத்துத் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். வளைந்திருந்தால் குண்டூசி முனையால் ஒரு மயிரிழை அளவு நிமிர்த்தினால் போதும்.

பதில் 1

கை எழாததற்குக் காரணம் உங்கள் வரியிலேயே இருக்கிறது: “புதுக் கிரீஸ் எல்லா இடத்திலும்.” இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன், என் தவறு.

தட்டு முடிந்தது என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் புரியும். பிளாட்டரின் நடுக்குழலில் ஒரு சின்ன முனை நீட்டியிருக்கும். பெரிய பல்சக்கரத்தின் மேல் இறகு மாதிரி லேசான ஒரு நெம்புகோல் இருக்கும், அதற்கு டிரிப் லீவர் என்று பெயர். பாட்டு ஓடும்போது ஊசி ஒரு சுற்றுக்கு மிகக் கொஞ்சம்தான் உள்ளே நகரும். கை அந்த லீவரை முனையை நோக்கிக் கொஞ்சம் தள்ளும், பிளாட்டர் சுற்றி வரும்போது முனை அதைத் தட்டிப் பின்னுக்கு அனுப்பும். ஒவ்வொரு சுற்றிலும் இந்தத் தள்ளலும் தட்டலும் நடந்துகொண்டே இருக்கும். பாட்டு முடிந்ததும் கோடு திடீரென்று அகலமாக விலகி உள்ளே ஓடுகிறதல்லவா, அப்போது கையும் வேகமாக நகரும், லீவர் ஒரே சுற்றில் அதிக தூரம் முன்னே வந்துவிடும், முனையால் அதைத் தட்டிவிட முடியாது, மாறாக அதில் கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளும். அந்த இழுப்பில்தான் பெரிய பல்சக்கரம் பிளாட்டரோடு கோத்துக்கொண்டு சுற்றும், அது சுற்றும்போது கையை எழுப்பி, விலக்கி, அடுத்த தட்டைத் தள்ளி எல்லாம் செய்யும். கம்ப்யூட்டர் கிடையாது, மின்சாரம் கூட இதில் இல்லை, கோட்டின் இடைவெளியை வைத்தே எல்லாம் நடக்கிறது. எனக்கு இந்த இயந்திரங்கள் மேல் வந்த பிரியமே இந்த லீவரைப் பார்த்துத்தான்.

இந்த லீவரை நகர்த்துவது ஊசி தட்டிலிருந்து வாங்கும் பலம் மட்டும். சில கிராம் எடையில் உட்கார்ந்திருக்கும் ஊசிக்கு எவ்வளவு பலம் இருக்கும்? அங்கே கிரீஸோ எண்ணெயோ இருந்தால் லீவர் ஒட்டிக்கொள்ளும், கை அதைத் தள்ள முடியாமல் கடைசிக் கோட்டில் நிற்கும். அங்கே ஒன்றுமே போடக் கூடாது. லீவரையும் அதன் அச்சையும் மறுபடி ஆல்கஹாலால் கழுவி உலர விடுங்கள். இயந்திரத்தைக் கையில் சாய்த்தால் லீவர் தன் எடையிலேயே விழ வேண்டும், அதுதான் சோதனை. பெரிய நெம்புகோல்கள் உரசும் இடம், பல்சக்கரத்தின் அடிப்பக்கப் பள்ளம், இவற்றுக்கு மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ்.

கூடவே இன்னொன்று. டூவல் 12 வரிசை மாதிரி சில ஆட்டோ பிளேயர்களில் முதன்மை நெம்புகோலின் முனையில் ஒரு குட்டி ரப்பர் குல்லா இருக்கும், கடுகை விடக் கொஞ்சம் பெரியது. அது பொடிந்துபோனால் கை எழும், ஆனால் பக்கவாட்டில் நகராமல் அதே இடத்தில் இறங்கும். ஒயரின் மேலுறையை அளவாக வெட்டிச் செருகிச் சரிசெய்தவர்கள் உண்டு. உங்கள் கை தொடக்கத்தில் சரியாக நகர்வதால் இந்தப் பிரச்சினை இல்லை என்றே தோன்றுகிறது.

பதில் 3

தாமதமாக வருகிறேன், ஆனால் வேகப் பிரச்சினையில் எல்லோரும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதாகத் தோன்றுகிறது. தம்பி, முதல் பதிவிலேயே “கூடவே வந்த கனமான டிரான்ஸ்பார்மர் பெட்டி” என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் தேவைப்படுகிறது? பிளேயரின் அடியில் ஒட்டிய தகட்டில் எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது?

அதோடு ஓர் அளவு எடுங்கள். பிளாட்டர் விளிம்பில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, 33 வேகத்தில் ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டே சரியாக 3 நிமிடம் சுற்றுகளை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 3 நிமிடத்துக்கு 100 சுற்று வர வேண்டும், கணக்குக்கு எளிது. அடுத்து 45-இல் 2 நிமிடம், 90 வர வேண்டும். இரண்டையும் எழுதுங்கள். உங்கள் தங்கையின் காதை நான் நம்புகிறேன், அதனால் என்ன எண் வரும் என்று எனக்கு ஒரு யூகம் இருக்கிறது, எண்ணிய பிறகு சொல்கிறேன்.

கேட்டவர்

டிரிப் லீவரைக் கழுவியதும் கை முதல் முயற்சியிலேயே எழுந்துவிட்டது! மியூட்டிங் ஸ்விட்சில் இடது தகடு உண்மையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. துடைத்தேன், இரண்டு பக்கமும் பாடுகிறது.

அக்கா கேட்ட எண்கள்: 33-இல் 3 நிமிடத்துக்கு 83. சந்தேகமாக இருந்ததால் மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் 83, பிறகு கொஞ்சம் மிச்சம். 45-இல் 2 நிமிடத்துக்குச் சரியாக 75. அடித் தகட்டில் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் பெட்டியில் உள்ளே 230, வெளியே 110 என்று எழுதியிருக்கிறது.

பதில் 3

நினைத்தது சரி. உங்கள் பிளேயரில் இப்போது எந்தப் பழுதும் இல்லை தம்பி.

இந்த மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதை வோல்ட் முடிவு செய்வதில்லை, மின்சாரத்தின் அதிர்வெண்தான் முடிவு செய்கிறது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டுக்காகச் செய்த இயந்திரம் இது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் போட்டால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 100-இல் ஆறில் ஐந்து 83.3. 90-இல் 75. உங்கள் இரண்டு எண்ணும் பிசகாமல் அதேதான். ரப்பர் வழுக்கியிருந்தால் இப்படி இரண்டு வேகத்திலும் ஒரே விகிதம் வராது, ஒரு முறை 85, இன்னொரு முறை 80 என்று ஆடும். ஆறில் ஐந்து வேகம் என்றால் சுருதி மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று மேலாக இறங்கும், அதாவது 5 கட்டை 3 கட்டைக்கும் கொஞ்சம் கீழே வரும். உங்கள் தங்கை எண்ணாமலே சரியாகச் சொல்லிவிட்டாள், அவளிடம் சொல்லுங்கள்.

டிரான்ஸ்பார்மர் பெட்டி 230 வோல்ட்டை 110 ஆக்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மின்சாரம் மாறிவிட்டது, டிரான்ஸ்பார்மர் போட்டாயிற்று, இனி சரியாக ஓடும் என்று அந்தக் காலத்தில் நிறையப் பேர் நினைத்தார்கள்.

இதற்குத் தீர்வு மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றுவது. அதன் ஒவ்வொரு படியும் இப்போது இருப்பதைவிட 1.2 மடங்கு விட்டம் இருக்கும். ஆட்டோ சேஞ்சர்கள் பல நாடுகளுக்கும் போனதால் ஒரே மாடலுக்கு 50, 60 என இரண்டு புல்லிகளும் செய்தார்கள். உங்கள் மாடல் எண்ணைச் சொல்லித் தேடினால் பழைய பாகமாகவோ புதிதாகக் கடைந்ததாகவோ கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால், பழையதை மாதிரியாகக் கொடுத்து லேத்தில் கடையச் சொல்லலாம், ஆனால் துளை மிகச் சரியாக நடுவில் இருக்க வேண்டும், மயிரிழை விலகினாலும் குரல் நடுங்கும்.

மாற்றும்போது பழைய புல்லி தண்டில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு, அதே உயரத்தில் புதியதைப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் ஐட்லர் படியின் விளிம்பில் உரசும். பெட்டியை அப்படியே வைத்திருங்கள், வோல்ட்டுக்கு அது தேவை. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50-இல் கொஞ்சம் அதிகமாகச் சூடாகும், 117-க்குப் பதில் 110 கொடுப்பது ஒரு வகையில் நல்லதுதான். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

பதில் 2

பழைய புல்லியின் மேல் சூடாக்கினால் சுருங்கும் ஒயர் உறையைப் போட்டுத் தடிமனாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்து பார்த்திருக்கிறேன். வேகம் வந்துவிடும், ஆனால் உறை ஒரே சீராக உட்காராது, தாழ்ந்த உறுமல் பாட்டுக்கு அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் நழுவவும் செய்யும். புல்லி வரும் வரை அக்கா சொன்ன காரணம் சரிதானா என்று சோதிக்க ஒரு நாள் போட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வேகத்தை இனிமேல் பார்ப்பதற்கு ஸ்ட்ரோப் தாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்டரில் வைக்கும் கோடு போட்ட வட்டத் தாள் அது, வேகம் சரியாக இருந்தால் சுற்றும்போது கோடுகள் அசையாமல் நிற்கிற மாதிரித் தெரியும். 50 ஹெர்ட்ஸுக்கு 33⅓ வளையத்தில் 180 கோடுகள் இருக்க வேண்டும், 216 இருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் தாள், ஏமாற்றிவிடும். வீட்டு மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு பல்பு அல்லது நியான் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், பல எல்இடி விளக்குகளில் அந்தத் துடிப்பு இருக்காது.

கேட்டவர்

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்: பெரியப்பா இதைக் கொண்டு வந்து முதல் நாள் போட்டபோதே குரல் இப்படித்தான் கனமாக இருந்ததாம். வழியில் எங்கோ அடிபட்டுவிட்டது என்று பெரியப்பா வருத்தப்பட்டாராம், இரண்டு பேரிடம் காட்டியும் சரியாகவில்லை, அப்புறம் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். அடிபடவே இல்லை என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

புல்லி மூன்று வாரத்தில் கிடைத்தது. திருகைத் தளர்த்தி, குறித்த உயரத்தில் பொருத்தினேன். 3 நிமிடத்துக்கு 100 சுற்று. ஒரு மணி நேரம் ஓட்டினேன், மோட்டார் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. முதல் தட்டாகப் பெரியப்பா அதிகம் கேட்டது எது என்று அப்பாவிடம் கேட்டுப் போட்டேன். பாடகி அவருடைய சொந்தக் குரலில் பாடினார். அப்பா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார், கை தானாகத் திரும்பி வந்து தாங்கியில் உட்காரும் வரை.

ஒரு கடைசிக் கேள்வி. தட்டுகளுக்கு நடுவே ஏழெட்டு மட்டும் கனமாக, கறுப்பாக, கீழே விழுந்தால் உடையும் போல இருக்கின்றன, 78 என்று போட்டிருக்கிறது. பிளேயரிலும் 78 வேகம் இருக்கிறது. போடலாமா?

பதில் 1

பிளேயர் போடும், ஆனால் இப்போது இருக்கும் ஊசியால் போடாதீர்கள். எல்பி, அதாவது 33 வேகத் தட்டுக்கான ஊசியின் முனை 18 முதல் 25 மைக்ரான் ஆரம் இருக்கும், 78 தட்டின் கோடு அகலமானது, அதற்கு 75 மைக்ரான் அளவு ஊசி வேண்டும். சின்ன ஊசி கோட்டின் அடியில் போய் அங்கே இருக்கும் தூசியையும் கீறலையும்தான் படிக்கும், ஊசியும் சீக்கிரம் தேயும். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள், பல மாடல்களுக்குக் கிடைக்கிறது, முன்பக்கமாக இழுத்துக் கழற்றி மாற்றிச் செருகினால் போதும். எடையும் அந்த ஊசிக்குச் சொன்ன அளவுக்கு மாற்ற வேண்டும்.

அந்தத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் கரையும், எனவே இந்தப் பிளேயரைத் துடைத்த அதே பஞ்சை அவற்றின் பக்கம் கொண்டு போகாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, நடுவில் ஒட்டிய லேபிள் நனையாமல், கோட்டின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்துங்கள். அவற்றை நடுக்கம்பியில் அடுக்கி விழ விடவும் வேண்டாம், ஒவ்வொன்றாகக் கையால் வைத்துப் போடுங்கள்.